தனித்தனியாகச் சரி, சேர்ந்தால் தப்பு: ஆஃப்செட்டில் மை வரிசைக் கோளாறுகள்

மியன்மாரின் யாங்கோனில் காலண்டர் சீசன் வந்துவிட்டால் எந்த அச்சகத்துக்குள் நுழைந்தாலும் இந்தப் படம் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு: நீல வானம், நடுவில் ஷ்வேடகோன் தங்கக் கோபுரம், அடியில் பச்சை மரங்கள். கோயில் காலண்டர் என்றால் அதே இடத்தில் முருகனும் மயிலும். இரண்டுமே மை வரிசைக்கு, அதாவது எந்த மை முதலில், எது அடுத்து காகிதத்தில் விழுகிறது என்பதற்கு, வைத்த பரீட்சைதான். வானம் சியானும் (பச்சை கலந்த நீல மை) மெஜந்தாவும் (ரோஸ் சிவப்பு மை) சேர்ந்தது, தங்கம் மெஜந்தாவும் மஞ்சளும், மரம் சியானும் மஞ்சளும். இதில் ஒரு கூட்டு கெட்டாலும் பார்ட்டி (வேலை கொடுத்தவர்) கண்டுபிடித்துவிடுவார். மெஷின்காரர் கை உடனே, மை விழும் அளவைக் கூட்டிக் குறைக்கும் மைச் சாவிக்குப் போகும். மெஜந்தாவைக் குறைத்தால் வானம் தெளியும், ஆனால் கோபுரம் பித்தளை மாதிரி ஆகிவிடும். மஞ்சளை ஏற்றினால் கோபுரம் தேறும், மரம் வாடிப்போகும். அரை ரீம் காகிதம் இப்படியே வேஸ்ட்டாகும்.

சாவியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதல் சோதனை: தப்பு தனி மையிலா, கூட்டிலா?

ஷீட்டின் வால் பக்கம் கலர் பட்டை கட்டாயம் வேண்டும். நான்கு மைக்கும் தனித்தனி முழுக் கட்டம், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூட்டுக் கட்டம், ஒவ்வொரு மைக்கும் 50 சதவீதப் புள்ளிக் கட்டம். காகிதம் போதவில்லை என்றால் 5 மி.மீ. சதுரங்களாவது வையுங்கள். இது இல்லாமல் நிறக் கோளாறு பார்ப்பது குருட்டு வைத்தியம்.

தனிக் கட்டங்களை முதலில் டென்சிட்டி (மை அடர்த்தி) மீட்டரால் அளக்க வேண்டும். ஆர்ட் பேப்பரில் (பூச்சுள்ள வழவழப்புக் காகிதம்) ஸ்டேட்டஸ் டி (T) என்ற அளவுமுறையில் கறுப்பு 1.70, சியான் 1.40, மெஜந்தா 1.50, மஞ்சள் 1.05 என்பதை ஒட்டி இருக்கலாம். மேப்லித்தோவில் (பூச்சில்லாத காகிதம்) எல்லாமே இறங்கும், கறுப்பு 1.25, மற்றவை 1.0 பக்கம் வந்தால் போதும். மீட்டர் ஸ்டேட்டஸ் இ (E) என்ற இன்னொரு அளவுமுறையில் இருந்தால் மஞ்சள் மட்டும் 1.4 பக்கம் காட்டும். அதைப் பார்த்துப் பதறி மஞ்சளை இறக்கிவிடக் கூடாது.

தனிக் கட்டம் தப்பு என்றால் அது மைச் சாவி, தண்ணீர், ரோலர் விவகாரம். இந்தக் குறிப்பு அதற்கு அல்ல. தனிக் கட்டம் நான்கும் சரியாக இருந்து கூட்டுக் கட்டம் மட்டும் தப்பு என்றால் கீழே படியுங்கள். அந்த நிலையில் சாவியைத் திருகினால் சரியாக இருந்ததும் கெடும்.

நான்கு கலர் மெஷினில் இன்று வழக்கமான வரிசை கறுப்பு, சியான், மெஜந்தா, மஞ்சள். மைக் கம்பெனிகள் இந்த வரிசைக்குத்தான் செட்டைத் தயாரிக்கின்றன. முதலில் விழும் மைக்குப் பிசுப்பு (ஒட்டி இழுக்கும் தன்மை) அதிகம், அடுத்தடுத்து விழுபவற்றுக்குப் படிப்படியாகக் குறைவு. அப்போதுதான் ஈரமாக இருக்கும் முதல் மை காகிதத்திலேயே நிற்கும், இரண்டாவது மை அதன் மேல் ஒட்டும். ஆகவே யூனிட்டின் (மெஷினில் ஒரு மையை அச்சடிக்கும் பகுதி) வரிசையை மாற்றுகிறவர் மை டின்னைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

அறிகுறி 1: வானம் ஊதா அடிக்கிறது

வெளிர் நீல வானம் ஊதாவானால் வரிசையின் மேல் பழி போடாதீர்கள். அது பெரும்பாலும் மெஜந்தாப் புள்ளி பெருத்ததால் வருவது. லென்ஸில் மெஜந்தாவின் 50 சதவீதக் கட்டத்தைப் பாருங்கள். புள்ளிக்கு வால் முளைத்திருந்தால் பிளாங்கெட் (படத்தைக் காகிதத்துக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) தளர்ந்திருக்கிறது அல்லது அழுத்தம் கூடுதல். வால் இல்லாமல் உருண்டையாகவே பெருத்திருந்தால் மை இளகியிருக்கிறது அல்லது அடுக்கு தடித்துவிட்டது.

அடர் நீலம் ஊதாவானால் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள்.

ஃபைல்: செலவே இல்லாத காரணம் இதுதான். சியான் 100, மெஜந்தா 100 என்று டிசைனர் போட்டிருந்தால் அது எந்த மெஷினிலும் ஊதாவாகத்தான் வரும். நீலமாக நிற்க வேண்டும் என்றால் மெஜந்தா சியானைவிட 30 புள்ளியாவது குறைந்திருக்க வேண்டும். 100-க்கு 70 வைத்துப் பிளேட் (அச்சுத் தகடு) போட்டால் பாதிப் புகார் தீரும்.

வரிசை: நான்கு கலர் மெஷினில் ஈரத்தின் மேல் ஈரம் விழுகிறது. இரண்டாவது மை முழுதாக ஏறாது, ஆகவே முதலில் விழுந்த மையின் சாயலே ஓங்கி நிற்கும். சியான் முன்னால் போனால் நீலம் நீலமாக நிற்கும். மெஜந்தா முன்னால் போனால் அதே பிளேட், அதே டென்சிட்டியில் ஊதா அடிக்கும். போன வருஷத் தாளையும் இந்த வருஷத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த யூனிட்டில் எந்த மை ஓடியது என்று ஜாப் கார்டில் பாருங்கள். ஜாப் கார்டில் அந்த வரி இல்லையென்றால் இன்றிலிருந்து எழுதுங்கள்.

ஓட்டம் பிரித்த விதம்: நான்கு மையை இரண்டு ஓட்டமாக அடிக்கும் இரண்டு கலர் மெஷினில் பலர் சறுக்குவது இங்கேதான். காய்ந்த மையின் மேல் விழும்போது கணக்குத் தலைகீழாகும். இரண்டாவது மை ஏறக்குறைய முழுதாக ஏறி, மேலே நிற்பதன் சாயல் சற்றுத் தூக்கலாகத் தெரியும். முதல் ஓட்டத்தில் கறுப்பும் சியானும், இரண்டாவதில் மெஜந்தாவும் மஞ்சளும் என்று பிரித்தால் சியான் காய்ந்துவிடும். மெஜந்தா முழுதாக உட்கார்ந்து நீலம் சிவக்கும். நான்கு கலர் மெஷினில் எடுத்த சாம்பிளை இரண்டு கலரில் பிடிக்க முடியாமல் தவிப்பதற்குப் பாதிக் காரணம் இது. சாம்பிளோடு பொருந்தியாக வேண்டும் என்றால் சியானையும் மெஜந்தாவையும் ஒரே ஓட்டத்தில், சியான் முன்னால் இருக்க ஓட்டுங்கள்.

இவ்வளவு பார்த்தும் தீரவில்லை, மெஜந்தா டின் வேறு கம்பெனி என்றால் அறிகுறி 2-இல் உள்ள பிசுப்புச் சோதனைக்குப் போங்கள்.

அறிகுறி 2: குங்குமச் சிவப்பு ரோஸாக நிற்கிறது, தங்கம் செம்பாகிறது

கடைசியாக விழும் மஞ்சள், மெஜந்தாவின் மேல் ஏறவில்லை. வெள்ளைக் காகிதத்தில் அதே மஞ்சள் பளிச்சென்று இருப்பதால் மெஷின்காரர் ஏமாந்துபோகிறார்.

கண்ணால் மதிப்பிடாமல் அளந்துவிடுங்கள். மீட்டரை மஞ்சள் சேனலில் வைத்து மூன்று கட்டங்களை அளக்க வேண்டும்: சிவப்புக் கூட்டு, தனி மெஜந்தா, தனி மஞ்சள். கூட்டிலிருந்து மெஜந்தாவைக் கழித்து, வந்ததை மஞ்சளால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். சிவப்பு 1.50, மெஜந்தா 0.75, மஞ்சள் 1.05 என்றால் 0.75-ஐ 1.05-ஆல் வகுத்து ஏறக்குறைய 71 சதவீதப் பிடிப்பு (முதல் மையின் மேல் இரண்டாவது மை ஏறிய அளவு). ஆர்ட் பேப்பரில் ஈர ஓட்டத்துக்கு இது மோசமில்லை. 60-க்குக் கீழே போனால் கோளாறு உறுதி. வேறு அச்சகத்து மீட்டர் சொன்ன எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்களிடமே நன்றாக வந்த ஒரு தாளை அளந்து, அதையே அளவுகோலாக வையுங்கள்.

அடுத்து, காசு செலவில்லாத மூன்று காரியம்.

வேகத்தைக் குறையுங்கள். மணிக்கு 8000 ஓடினால் 6000-க்கு இறக்கி 100 ஷீட் விடுங்கள். பிடிப்பு ஏறினால் வழி தெரிந்துவிட்டது.

மெஜந்தா யூனிட்டின் தண்ணீரை (பிளேட்டின் வெற்றிடத்தில் மை ஒட்டாமல் காப்பது) குறையுங்கள். தண்ணீர் அதிகம் குடித்த மை வெண்ணெய் மாதிரி குழைந்து, மேலே வரும் மஞ்சளைத் தாங்காது. தொட்டித் தண்ணீரின் பிஎச் 4.8 முதல் 5.2-க்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டின் லேபிளைப் படியுங்கள். தாய்லாந்திலிருந்து வந்த மெஜந்தா, சீனாவிலிருந்து வந்த மஞ்சள் என்று கடையில் கிடைத்ததைக் கலந்து ஓட்டினால் பிசுப்பு வரிசை இருக்காது. செட் என்றால் ஒரே கம்பெனி, ஒரே சீரிஸ்.

மீட்டர் இல்லாதவர்களும் பிசுப்பைச் சோதிக்கலாம். இரண்டு விரலில் இரண்டு மையையும் பட்டாணி அளவு எடுத்து, கண்ணாடிப் பலகையில் தட்டித் தட்டி மெல்லிய படலமாக்குங்கள். விரலை எடுக்கும்போது எது அதிகம் இழுக்கிறதோ அதுதான் பிசுப்பு கூடிய மை. மஞ்சள் மெஜந்தாவைவிட இழுத்தால் மஞ்சளை இளக்க வேண்டும். மஞ்சள் 1 கிலோவுக்கு 10 கிராம் ஜெல் ரெடியூசரில் (பிசுப்பைக் குறைக்கும் கூழ்) தொடங்கி, 100 ஷீட் ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் 10 கிராம். 30 கிராமைத் தாண்ட வேண்டாம். புள்ளி பெருக்கும், வெள்ளையில் சாயம் படியும். கண் அளவில் போடாமல் தட்டார் தராசில் நிறுத்துப் போடுங்கள். பர்மிய எடையான டிக்கல் கணக்கில் பழகியவர்களுக்கு: ஒரு டிக்கல் சுமார் 16 கிராம், ஆகவே தொடக்க அளவு ஒரு டிக்கல்கூட இல்லை.

மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. மஞ்சள் அப்போதைக்கு ஏறுவது போலத் தெரியும். ஆயிரம் ஷீட்டுக்குள் தண்ணீரைக் குடித்துக் கூழாகிவிடும்.

மேலே சொன்ன எல்லாம் செய்தும் பிடிப்பு ஏறவில்லை என்றால் மஞ்சள் யூனிட்டின் ஃபார்ம் ரோலர்களை (பிளேட்டில் மை தடவுபவை) பாருங்கள். பிளேட்டில் விழும் கோடு ஒரே சீராக, 3 முதல் 5 மி.மீ. அகலத்தில் இருக்க வேண்டும். துல்லிய அளவு மெஷின் கையேட்டில் இருக்கும். கோடு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தாலோ, ரோலர் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ ஃபிட்டரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

அறிகுறி 3: ஓட ஓட மஞ்சள் பச்சையாகிறது

எப்போது பச்சையாகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

முதல் ஷீட்டிலேயே அழுக்கு மஞ்சள் என்றால் கழுவியது போதாது. முந்தைய வேலையில் அந்த யூனிட்டில் கறுப்போ சியானோ ஓடியிருக்கும். வீணான மஞ்சள் மையைக் கொஞ்சம் ரோலரில் ஓடவிட்டுக் கழுவி, மறுபடி ஒரு முறை மஞ்சள் விட்டுக் கழுவுங்கள். வெறும் கழுவு எண்ணெயால் மூன்று முறை கழுவுவதைவிட இது நன்றாக இழுக்கும். ஒரு கலர் மெஷினில் பெரியவர்கள் மஞ்சள், மெஜந்தா, சியான், கறுப்பு என்று வெளிரிலிருந்து அடருக்குப் போனது இந்தக் கழுவும் சள்ளைக்காகவும்தான். ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது என்பதால் அங்கே அது நடக்கும். அதே பழக்கத்தை, கறுப்பு முதல் என்று தயாரித்த செட்டோடு, இரண்டு கலர் மெஷினுக்குக் கொண்டுவந்து மஞ்சளையும் மெஜந்தாவையும் ஒரே ஓட்டத்தில் விட்டால், பிசுப்புக் குறைந்த மஞ்சளைப் பின்னால் வரும் மெஜந்தா பிய்த்துக்கொண்டு போகும்.

இரண்டாயிரம், மூவாயிரம் ஷீட்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல மாறினால் முந்தைய மை காகிதத்திலிருந்து மஞ்சள் யூனிட்டுக்குத் திரும்பிப் போகிறது. மஞ்சள் பிளாங்கெட்டில் மங்கலாகச் சியான் படம் தெரிவது ஓரளவு இயல்பு. மேலே, மை ரோலரே பச்சையாகியிருந்தால் இயல்பல்ல. அறிகுறி 2-இன் பிசுப்புச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். பிசுப்பு சரி என்றால் பிளாங்கெட் அடியில் போட்ட பேக்கிங்கைக் கழற்றி அளந்து, கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். காகிதம் மாறும்போதெல்லாம் ஒரு தாள் ஒரு தாளாகச் சேர்த்துக் கூடிப்போயிருக்கும்.

தண்ணீர்த் தொட்டியே நிறம் மாறியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள். மறுநாளும் நிறம் வந்தால் தண்ணீர் ரோலர் உறை மாற்ற வேண்டும்.

அறிகுறி 4: பெரிய நீலப் பின்னணி திட்டுத் திட்டாக, மேகம் போல

படத்தில் மேகமே இல்லாத இடத்தில் மேகம். முன்னால் அச்சான சியான், அடுத்தடுத்த பிளாங்கெட்டுகளில் பட்டுப் பட்டு ஆங்காங்கே உரிந்துபோவதால் வருவது. மலிவு ஆர்ட் பேப்பரில் அதிகம்.

உறுதி செய்ய, சியானுக்குப் பின்னால் உள்ள யூனிட்டுகளின் இம்ப்ரெஷனை (காகிதத்தில் பதியும் அழுத்தத்தை) எடுத்துவிட்டு 20 ஷீட் ஓட்டுங்கள். திட்டு மறைந்தால் வரிசைக் கோளாறு. மறையவில்லை என்றால் காகிதம், தண்ணீர் அல்லது அழுத்தம். வரிசையை மாற்றிப் பயனில்லை.

வரிசைக் கோளாறு என்றால் சியானைக் கடைசி யூனிட்டுக்குக் கொண்டுபோங்கள். சியான் செட்டில் இரண்டாவது என்பதால் பிசுப்பு அதிகம், கடைசியில் போட்டால் ரெடியூசர் சேர்த்தாக வேண்டும். இதில் ஒரு விலையும் உண்டு: நீலம், பச்சை இரண்டின் சாயலும் மாறும். பின்னணி நீலம் முக்கியமா, அதில் நிற்கும் ஆளின் முகம் முக்கியமா என்று பார்ட்டியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். காகிதத்தை மாற்றுவது கடைசி வழி.

அறிகுறி 5: கறுப்பு வெளிறியிருக்கிறது, அல்லது எழுத்து அடைபடுகிறது

வெறும் கறுப்பு மட்டும் 100 போட்ட பெரிய பரப்பு எந்த வரிசையிலும் சாம்பல் தட்டும். அடியில் சியான் 40 கொடுத்தால் தீரும். நான்கையும் 100 போடுவது பைத்தியக்காரத்தனம். ஆர்ட் பேப்பரில் மொத்தம் 300-க்கு மேல் போனால் மை மேல் மை ஏறாது, காயாது, அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டும்.

கறுப்பு எழுத்து மட்டும் என்றால் முதல் யூனிட்டே நல்லது; சுத்தக் காகிதத்தில் கூர்மையாக விழும். பெரிய கறுப்புப் பரப்பு, அதன் மேல் மஞ்சளும் வருகிறது என்றால் கறுப்பின் மேல் மஞ்சள் படலம் பழுப்பு தட்டும். அந்த வேலைக்கு மட்டும் கறுப்பைக் கடைசிக்குக் கொண்டுபோகலாம், பிசுப்பை இளக்கி.

எழுத்து அடைபடுவது வேறு கதை. பர்மிய வட்ட எழுத்தின் கண்ணும் நம் மூன்று சுழி ணகரத்தின் சுழியும் முதலில் மூடிக்கொள்ளும். நான்கு கலர் கறுப்பில் வெள்ளையாக வெட்டிய சிறு எழுத்து இருந்தால், முடி அளவு ரெஜிஸ்டர் (மைகள் ஒன்றன் மேல் ஒன்று பொருந்துவது) விலகினாலும் போச்சு. 10 பாயிண்டுக்குக் கீழே இப்படி வைக்க வேண்டாம் என்று டிசைனருக்குச் சொல்லுங்கள். இதற்கு மெஷினில் மருந்து இல்லை.

அறிகுறி 6: இரண்டாம் ஓட்டத்தில் மை ஒட்டாமல் உருள்கிறது

முதல் ஓட்டத்து மை கல்லாக இறுகிவிட்டது. அதன் மேல் புது மை, தாமரை இலைத் தண்ணீர் போலச் சிறு சிறு மணியாக நிற்கும். முதல் ஓட்டத்தில் மையைக் காயவைக்கும் டிரையரைத் தாராளமாக ஊற்றியதும் மெழுகு சேர்த்ததும்தான் வழக்கமான காரணம். மழைக்காலத்தில் காயவில்லையே என்று டிரையரை ஏற்றிவிட்டு, கரண்டு போய் இரண்டாம் ஓட்டம் நான்கு நாள் தள்ளிப்போனால் இது வரும்.

ஓட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். காய்ந்த ஷீட்டின் அடர்ந்த இடத்தில் இரண்டாம் மையை விரலால் மெல்லத் தடவுங்கள். சீராகப் பரவினால் பயமில்லை. பிரிந்து நின்றாலோ, மறுநாள் கட்டைவிரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தாலோ முழு லாட்டையும் ஏற்றாதீர்கள். மைக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு ஷீட்டைக் காட்டுங்கள். இங்கே சொந்த வைத்தியம் செய்தால் நஷ்டம் இரட்டிப்பாகும்.

வராமல் தடுப்பது எளிது. முதல் ஓட்ட மையில் மெழுகு வேண்டாம், டிரையர் மிகக் குறைவாக. முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் இரண்டாம் ஓட்டம். ஷீட்டுகள் ஒட்டாமல் தூவும் ஸ்ப்ரே பவுடரும் குறைவாக. அது இரண்டாம் ஓட்டத்தில் பிளாங்கெட்டில் குவிந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

இதே இடைவெளியில் ரெஜிஸ்டரும் விலகும். யாங்கோன் மழையில் காகிதம் காற்றிலிருந்தே ஈரம் குடித்து விரியும். ஓட்டம் முடிந்ததும் அடுக்கைப் பிளாஸ்டிக் தாளால் நான்கு பக்கமும் மூடுங்கள். காகிதத்தின் இழை சிலிண்டர் அச்சுக்கு இணையாக இருக்கும்படி வெட்டி வாங்குங்கள். அப்போது பெரிய விரிவு சிலிண்டர் சுற்றளவுத் திசையில் வரும், பேக்கிங்கை மாற்றிச் சரிக்கட்டலாம். குறுக்கே விரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சியானையும் மெஜந்தாவையும் ஒரே ஓட்டத்தில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். படத்தின் நுணுக்கம் இந்த இரண்டில்தான் அதிகம். மஞ்சள் கொஞ்சம் விலகினால் கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி 7: கல்யாணப் பத்திரிகையில் தங்க மை மங்குகிறது

தங்க மை ஒளி புகாதது, ஆகவே நான்கு கலரின் நடுவில் அதற்கு இடமில்லை. சிவப்புப் பரப்பின் மேல் தங்க எழுத்து என்றால் சிவப்பு நன்கு காய்ந்தபின் தனி ஓட்டம். அப்போதும் அடியில் சிவப்பு தெரிந்தால் இரண்டு முறை அடிக்க வேண்டும். அதுவும் போதவில்லை என்றால் ஃபாயில் போடுகிறவரிடம் அனுப்புங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் அந்தப் பளபளப்பு மையில் வராது.

அறிகுறி 8: காலையில் சரி, மதியம் தப்பு

கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாறியதும் தண்ணீர் குளிர்விக்கும் சில்லர் நின்றிருக்கும். தொட்டியில் தெர்மாமீட்டரை விடுங்கள். 10 முதல் 12 டிகிரி இருக்க வேண்டியது 20-ஐத் தாண்டியிருந்தால் வரிசையைத் தொட வேண்டாம், சில்லரைப் பாருங்கள். சூட்டில் எல்லா மையும் இளகும், ஆனால் ஒரே அளவில் இளகாது. அதனால் காலையில் இருந்த பிசுப்பு வரிசை மதியம் கலைந்துவிடும்.

பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் பிளேட்டுக்குக் கோந்து தடவுங்கள். திரும்ப ஓட்டும்போது முதல் 50 ஷீட்டை நல்ல கட்டோடு சேர்க்காமல், 100-ஆவது ஷீட்டை அளந்தபின் எடுங்கள். சில்லர் ஓடியும் ஒரே ஒரு யூனிட் மட்டும் தொட்டால் சுடுகிறது என்றால் ரோலர் அழுத்தமோ பேரிங்கோ போயிருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு ஃபிட்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஃபிட்டரையோ மைக் கம்பெனி ஆளையோ கூப்பிடும்போது "கலர் வரலை அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவரும் சாவியில்தான் கை வைப்பார். மூன்று ஷீட் எடுத்து வையுங்கள்: முன்பு நன்றாக வந்தது ஒன்று, இப்போது கெட்டது ஒன்று, கெட்ட கூட்டின் இரண்டாம் மை மட்டும் தனியாக ஓடியது ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் யூனிட் வரிசை, டின் எண், வேகம், தொட்டிச் சூடு, பிஎச் ஐந்தையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பின்பக்கம் ஊறி வந்து கலர் பட்டையைக் கெடுக்கும்.